மேகமூட்டத்தில் எட்டு

கூடலூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வானிலைக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மொட்டைமாடியில் வெள்ளைக் குமிழ் வைத்த கருவி ஒன்று புற ஊதாக் கதிரை அளக்கும். சூட்டை அது கண்டுகொள்ளாது. தோல் எவ்வளவு சீக்கிரம் வெந்துபோகும் என்பதற்கு ஓர் எண் சொல்லும். எட்டு என்றால் சும்மா நிற்பவரே நிழலுக்கு ஒதுங்க வேண்டும். பார்க்க வரும் பிள்ளைகளிடம், "மேகத்தை நம்பாதீங்க, இந்தக் கதிர் அதைத் தாண்டி வரும்" என்று வாய் கிழியப் பேசியவன் நான்.

அக்கா ஊருக்குள் இட்லிக்கடை வைத்திருந்தாள். மலைமேல் குமுளிக்குப் போகும் ஜீப்புக்காரர்கள்தான் வாடிக்கை. அவள் கைகளில் வெண்தேமல் விழுந்ததும் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள்.

"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாக. ஆனா எல்லாரும் பசியில்லைன்னுட்டுப் போறாகடா," என்பாள். கை தேறினால்தான் கடை என்ற நிலை.

டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். தடவினால் தோல் அந்தப் புற ஊதாக் கதிரைப் பல மடங்கு வாங்கிக்கொள்ளும், நிறம் திரும்பும். வாரம் இரண்டு நாள், ஐந்தே நிமிடம் வெயில். உடனே கழுவி மூடிவிட வேண்டும். சில மாதங்களில் புறங்கையில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டினாள்.

ஆடி மாதத்து ஞாயிறு, உச்சிப்பொழுது. அக்கா வீட்டு மாடியில் இருந்தேன். மருந்தைத் தடவிக்கொண்டு மாடிக்கு வந்தவள் வானத்தைப் பார்த்தாள்.

"ஏலே, இம்புட்டு மூட்டமா இருக்கே. அஞ்சு நிமிசம் பத்துமாடா?"

என் உடம்பில் சூடே படவில்லை. "வெயிலே இல்லையேக்கா. அரைமணி நேரம் நில்லு."

சொல்லிவிட்டுச் செல்போனை நோண்டப் போய்விட்டேன். அவள் நின்றாள்.

மறுநாள் பண்ணையில் பதிவைத் திறந்தேன். அந்த அரைமணி நேரத்துக்கு நேரே எட்டு. போன் செய்தால், "லேசா எரியுதுடா, அம்புட்டுத்தான்," என்றாள். செவ்வாய்க்கிழமை இரண்டு கைகளும் கொப்புளமாகக் கிடந்தன. விரலை மடக்க முடியாமல் அழுதாள்.

"யாரும்மா இவ்வளவு நேரம் நிக்கச் சொன்னது?" டாக்டர் அதட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் நின்னேன்."

நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்.

புண் ஆறியபோது மிளகுப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தேமல் மணிக்கட்டையும் தாண்டிப் பரவியிருந்தது. கடையை மூடிவிட்டாள்.

இப்போது அவள் வீட்டுக்குப் போனால் எனக்கும் இட்லியைக் கரண்டியால்தான் எடுத்து வைக்கிறாள், கை படாமல்.