அழிந்துபோன நம்பர்

ஹட்டனில் ஒரு டெலிபோன் கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தேன். அங்கிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர், வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களின் நம்பரையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். பழையதை எடுக்காவிட்டால் இடம் நிறைந்து கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

அதைக் கவனிக்க வருகிறவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. பழைய ஃபைலைச் சுருக்கிப் பல மாதம் வைத்திருக்கும் கருவி ஒன்று அதிலேயே இருந்ததாம். அவரோ வாரத்துக்கொருமுறை எல்லாவற்றையும் தானாகவே அழித்துவிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிப் போட்டார்.

"இது காணும், போதும் அண்ணை. பழசை ஆர் கேக்கப் போகினம்?" என்றார் முதலாளியிடம்.

என் அண்ணன் இறந்து, லிந்துலையில் காரியம் முடித்துத் திரும்பிய அன்று முதலாளி சொன்னார்: "போன வாரம் குவைத்திலருந்து ஒங்க மக கோல் எடுத்திச்சு. அப்பாவ கூப்பிடுங்கன்னு அழுதிச்சு. லைன் அறுந்திருச்சு."

வேலைக்குப் போனதிலிருந்து அவள் கூப்பிட்டதே அந்த ஒரு முறைதான். அவள் இருந்த வீட்டு நம்பர் எங்களிடம் இல்லை.

"நம்பரு இருக்குங்களா தம்பி?"

அன்று கடைக்கு வந்திருந்த தம்பி தேடினார். முந்தின நாள்தான் அழிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்து, ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு, பழையதை வைத்திருக்கும் மற்றக் கருவியைப் போட்டார்.

மகள் பிறகு கூப்பிடவேயில்லை.

சில மாதம் கழித்து கந்தப்பளையிலிருந்து ஒரு தாய் இதேபோல் கேட்டு வந்தார். நம்பர் கிடைத்தது. அந்த அம்மா மகளோடு பேசத் தொடங்கியதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.