மெஹ்ஜபீனுக்கு அனுப்பிய அளவுகள்

மணிமொழி கணக்குப் பாடம் நடத்திய பாலிடெக்னிக், கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் இருந்தது. முதல் வகுப்பு ஒன்பதரைக்கு. அவள் எட்டு மணிக்கே வந்துவிடுவாள். கம்ப்யூட்டர் லேபின் கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டி ஒரு பழைய மெஷின் இருந்தது. அறுபத்து நான்கு எம்.பி. மெமரி. மாணவர்கள் அதைத் தாண்டிப் போய் வேறு இடம் பார்ப்பார்கள். அவள் அதன் முன்னால்தான் உட்காருவாள்.

அதில் அவள் ஓட்டியது இயற்கணிதம் செய்யும் ஒரு மென்பொருள். கால்குலேட்டர் எண்களைப் பெருக்கும். இது எக்ஸை எக்ஸாகவே வைத்துக்கொண்டு பெருக்கும், வகையிடும், சுருக்கும். பல நாடுகளில் இருந்த முப்பது பேர் சம்பளமில்லாமல் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அவர்களுக்குள் ஒரு பொது மின்னஞ்சல் குழு இருந்தது. ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போகும். எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மணிமொழிக்கு ஒரு முகம் தெரியும்.

1989-இல் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்த அன்று, மெஹ்ஜபீன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எம்.எஸ்ஸி. முடியும் வரை அந்த இடம் மாறவில்லை. ஒருத்தி பாதியில் விட்ட நிறுவலை மற்றவள் முடிப்பாள். சென்னையில் ஆராய்ச்சிக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் ஒரே அறை கேட்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். அந்த வருடமே மெஹ்ஜபீனுக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை தௌஹீத் கனடாவில் இன்ஜினியர்.

“ரெண்டு பேரா போறதுன்னா சரி. தனியா எப்படிமா?” என்றார் மணிமொழியின் அப்பா. மணிமொழி சென்னைக்குப் போகவில்லை.

முதலில் கடிதங்கள் வந்தன. பிறகு புது வருட வாழ்த்து அட்டைகள். பிறகு மின்னஞ்சலில் ஒரு வரி: விரிவாக எழுதுகிறேன். அந்த விரிவான கடிதம் வரவில்லை. மெஹ்ஜபீன் அங்கே மேலே படித்து ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்பது அவளுடைய அம்மா பீபி ஜான் சொல்லித்தான் தெரிந்தது.

2002-இல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் அந்த மென்பொருள் இருந்தது. எழுதியவர்கள் பெயர்களில் மெஹ்ஜபீன் பெயரும் இருந்தது. மணிமொழி அவளுக்குத் தனியாக ஒரு நீண்ட அஞ்சல் எழுதினாள். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து, குழுவின் முகவரிக்கு, மென்பொருள் தன் மெஷினில் உறைந்து நிற்பதைப் பற்றி நான்கு வரி எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. ‘மணி’ என்று ஆரம்பித்திருந்தது. அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து முழுக்க மெமரி பற்றியது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கணக்குக்குள் ஒரே சின்னக் கணக்கு நூறு இடத்தில் வரும். திரும்பத் திரும்பச் செய்யாமல் விடையை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டால் வேகம் கிடைக்கும். அந்த ஓரத்துக்குக் கேஷ் என்று பெயர். ஆனால் எடுத்து வைத்துக்கொண்டே போனால் மெமரி நிரம்பிவிடும். அதனால் ஒரு வரம்பு வேண்டும், தாண்டினால் பழைய விடைகளை எறிய வேண்டும். தாண்டியதா என்று தெரிய, ஒவ்வொரு விடையும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். மூன்று வருடமாகக் கேஷை எழுதி வந்தவள் மெஹ்ஜபீன். அளப்பதில்தான் தவறு இருந்தது.

இரண்டு உறுப்பு உள்ள இயற்கணிதக் கோவைக்கும் ஆயிரம் உறுப்பு உள்ள கோவைக்கும் ஒரே அளவு காட்டியது. அவள் எழுதிய நிரல் அளந்தது கோவையின் வெளிக்கூட்டை மட்டும். அந்தக் கூட்டுக்குள் இருப்பது உறுப்புகள் அல்ல, அவை எங்கே கிடக்கின்றன என்கிற முகவரி. கேஷ் தன்னிடம் நிறைய இடம் மிச்சம் இருப்பதாக நம்பிச் சேர்த்துக்கொண்டே போனது. கனடாவில் இருந்த பெரிய மெஷின்களில் இது வெளியே தெரியவில்லை. ஜன்னலோர மெஷினில் சற்று நேரத்திலேயே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும். பிறகு மவுஸ் அசையாது.

அதனால் மணிமொழி தேவைப்பட்டாள்.

வியாழக்கிழமைகளில் அளவுகளை அனுப்புவாள். எந்தக் கோவை, கேஷ் எவ்வளவு என்று சொன்னது, மெஷின் எவ்வளவு இழந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்திருக்கும். மெஹ்ஜபீன் நிரலை மாற்றினாள். இப்போது அது கூட்டைத் திறந்து உள்ளே போய், உறுப்பின் உறுப்புவரை எல்லாவற்றையும் கூட்டியது. அளவு எகிறியது. மெஷினில் இருக்கும் மொத்த மெமரியைவிட அதிகமாகக் கணக்குக் காட்டியது. ஒரு சின்னக் கோவை மெமரியில் ஒரே இடத்தில்தான் இருக்கும், நூறு விடைகள் அதைச் சுட்டும். நிரல் அதை நூறு முறை கூட்டிக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று பயந்து, வைத்ததை எல்லாம் எறிந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டது.

மழைக்காலம் முழுக்க இதுவே போனது. வெள்ளிக்கிழமைகளில் மணிமொழி பஸ் ஸ்டாண்டுக்கு வேகமாக நடந்தாள்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரு காலையில் அவளுக்கு வழி கிடைத்தது. ஒவ்வொரு விடையையும் தனியாக அளக்கக் கூடாது. கேஷ் முழுவதையும் ஒன்றாக அளக்க வேண்டும். போன இடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி அங்கே வந்தால் கூட்டாமல் திரும்பிவிட வேண்டும். ஒரு விடையை எறியும்போது, வேறு எந்த விடையும் சுட்டாத பகுதியை மட்டும் கழிக்க வேண்டும். எழுதிப் பார்த்தாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. மெஷின் சொன்ன அளவும் கேஷ் சொன்ன அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. டிஸ்க் அரைக்கவில்லை.

கோப்பைச் சேமித்தாள். அனுப்பவில்லை. அந்த வியாழக்கிழமை வழக்கம்போலப் பழைய நிரலின் அளவுகளை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ‘மணி, இதே சோதனையை முக்கோணவியல் சார்புகளுக்கும் செய்து பார்க்க முடியுமா?’

முடியும் என்று எழுதினாள்.

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மணிமொழி வீட்டிலிருந்து நடந்தே பீபி ஜானைப் பார்க்கப் போனாள். அவர் வீட்டுப் பின்வாசல் திடலில் வெளியூர் வேன்கள் நின்றன. பெரிய மகன் வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான். பீபி ஜான் அவளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்.

“வாரா வாரம் உனக்கு எழுதறாளாமே. எனக்கு மாசத்துல ஒரு போனு. நல்லா இருக்கியாம்மா, நல்லா இருக்கேன், வெச்சிடறேன். அவ்ளோதான். உனக்கு அப்படி என்னத்த எழுதறா?”

“அளவு எழுதுவோம்மா.”

“என்ன அளவு? ஜாக்கெட் அளவா?”

மணிமொழி சிரித்தாள். “கணக்குல ஒரு விடை எவ்ளோ எடம் அடைக்குதுன்னு.”

“அதை அங்க இருந்துகினு உன்னை ஏன் கேக்கணும்? அவகிட்ட கம்ப்யூட்டர் இல்லியா?”

“அவளுது பெரிசும்மா. என்னுதுல எடம் கம்மி. கம்மியா இருந்தாத்தான் தப்பு தெரியும்.”

“காலேஜுல சொல்லி மாத்தித் தரச் சொல்லேன்.”

“மாத்திட்டா எங்கிட்ட கேக்க மாட்டாம்மா.”

பீபி ஜான் அவளைப் பார்த்தார். வெளியே ஒரு வேன் பின்னால் வரும் சத்தம் கேட்டது. மகன், “வா வா வா, போதும்” என்று கத்தினான்.

“தனியா ஒண்ணும் எழுத மாட்டாளா?”

“இல்லம்மா.”

“எனக்கும் தனியா ஒண்ணும் சொல்றதில்ல. சின்னதுலருந்தே அப்படித்தான். அழுகை வந்தா சிலேட்டை எடுத்துகினு கணக்கு போடுவா. அடிச்சாகூட கணக்குதான்.” டம்ளரை வாங்கிக்கொண்டார். “டீ ஆறிப் போச்சு பாரு. குடிக்கவே இல்ல நீ.”

மாசிக் கடைசியில், லேபைப் பார்த்துக்கொண்ட அன்பரசன் சார் அவளிடம் வந்தார்.

“மேடம், அடுத்த வாரம் புது லாட் எறங்குது. இந்த டப்பாவைக் கழட்டிடறோம்.”

“இது இருக்கட்டும் சார்.”

“ஏன் மேடம், உள்ள பொதையல் கிதையல் வெச்சிருக்கீங்களா?”

“மெமரி கம்மியா ஒரு மெஷின் வேணும் சார்.”

“கம்மியா வேணும்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்.” தலையைச் சொறிந்தார். “சரி, கொஞ்ச நாள் ஓரமா கெடக்கட்டும். பிரின்சிபால் கேட்டா நான் உங்களைக் கை காட்டிடுவேன்.”

அந்த வெள்ளிக்கிழமை வந்த அஞ்சல் ‘மணி’ என்று ஆரம்பிக்கவில்லை. குழு முழுவதற்கும் எழுதப்பட்டிருந்தது. அடுத்த வெளியீட்டில் அளவு பார்க்கும் கேஷை எடுத்துவிடலாம் என்று மெஹ்ஜபீன் எழுதியிருந்தாள். அதற்குப் பதில் விடைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் எறிந்துவிடலாம். சிறியதா பெரியதா என்று பார்க்கத் தேவையில்லை. ‘நான்கு வருடம் இதற்குச் செலவழித்துவிட்டேன். என்னால் சரியாக அளக்க முடியவில்லை. யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் திங்கட்கிழமை எடுத்துவிடுகிறேன்.’

மணிமொழி அதை மறுபடி படித்தாள். கல்லூரிப் பரீட்சையில் விடை வராத கணக்கில் மெஹ்ஜபீன் பேனா மூடியைப் பல்லால் கடிப்பாள். கடித்துக் கடித்து ஓரம் வெள்ளையாகிவிடும். பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து யாருக்காகவும் நிற்காமல் நடப்பாள்.

மதியம் வகுப்பு இல்லாத நேரத்தில் கோப்பை இணைத்தாள். ஆட்சேபணை இருக்கிறது என்று எழுதினாள். நிரல் என்ன செய்கிறது என்று விளக்கினாள். விளக்கம் வறட்சியாக இருப்பதாகத் தோன்றியதால் ஓர் உதாரணம் சேர்த்தாள். ஒரு வீட்டில் இரண்டு சகோதரர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். வீட்டில் பெரிய தேக்சா ஒன்றுதான். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேரும் அதைத் தங்கள் கணக்கில் சொல்வார்கள். ஒருவர் வீட்டை விட்டுப் போனால் தேக்சாவின் இடம் காலியாகாது, மற்றவர் அதில்தான் சமைக்கிறார். யார் வீடு என்று அவள் எழுதவில்லை.

அனுப்பும் பட்டனை அழுத்தினாள். அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் மூன்றாம் வருட விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. ‘மணி, சரியாக இருக்கிறது. இங்கே எல்லா மெஷினிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சேர்த்தாகிவிட்டது. நன்றி.’ மென்பொருளை எழுதியவர்கள் பட்டியலில் மணிமொழியின் பெயரும் சேர்ந்திருந்தது. வேறு கேள்வி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை அனுப்ப அளவு இல்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தாள், வேறு யாரோ எழுதிய அஞ்சல்கள் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பழைய மெஷினை எடுத்துக்கொள்ளலாம் என்று அன்பரசன் சாரிடம் அவளே சொன்னாள். அவர் அன்று மாலையே கழற்றினார். அந்த இடத்தில் புதிது வந்தது. அதில் எந்தக் கணக்கைப் போட்டாலும் சத்தமில்லாமல் முடிந்தது.

சித்திரையில் குழுவில் இருந்த ஹங்கேரிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். நிரலோடு வரும் விளக்கக் குறிப்பில் இந்த உதாரணத்தைப் போடலாம் என்று நினைக்கிறேன், தேக்சா என்றால் என்ன, எவ்வளவு பெரியது? மணிமொழி பதில் எழுதலாம் என்று நினைத்தபோது, அதற்குக் கீழே ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. மெஹ்ஜபீன் எழுதியது.

‘செம்புப் பாத்திரம். உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். ஐம்பது பேருக்கு பிரியாணி செய்யலாம். அந்த வீட்டில் ஈத் அன்று அடிப்பிடித்த சோற்றை யாரும் சுரண்டிக் கழுவிவிடக் கூடாது. மணிமொழி வந்து கேட்பாள், அவளுக்கு அதுதான் பிடிக்கும். கடைசியாக அவளுக்கு நான் எடுத்து வைத்த வருடம் அவள் வரத் தாமதமாகிவிட்டது. நான் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.’

முப்பது பேருக்கும் போன அஞ்சல். எழுதப்பட்டது ஹங்கேரிக்காரருக்கு.

மணிமொழி பதில் பெட்டியைத் திறந்தாள். பெறுநர் இடத்தில் குழுவின் முகவரி தானாக வந்து நின்றது. அதை அழித்துவிட்டு மெஹ்ஜபீனின் முகவரியை மட்டும் அடித்தாள். பொருள் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். கீழே, ‘மெஹ்ஜபீன்’ என்று எழுதினாள். இணைக்கக் கோப்பு இல்லை. சொல்ல எண் இல்லை. அடுத்த வரியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பெல் அடித்தது. லேபுக்குள் மாணவர்கள் வந்து நாற்காலிகளை இழுத்தார்கள். வாசலில் நின்ற அன்பரசன் சார், “மேடம், உங்களுக்கு ஃபர்ஸ்ட் அவர் இல்ல?” என்றார்.

“இருக்கு சார். பசங்ககிட்ட கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லிடறீங்களா?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.