சல்லடை மேடம் கேட்ட கேள்வி

மேடம் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உதடு அசைய அசைய வாய்க்குள்ளேயே படிக்கிறார். ஒரு வரி பிடிபடவில்லை என்றால் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டும். பிடிபட்டுவிட்டால் இன்னும் மோசம், முகமே சுண்டிப்போகும். “அப்படின்னா இது முன்னாடியே இருக்கே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பென்சிலைத் தேடுவார். பென்சில் காதில்தான் இருக்கும். அடுத்த மேஜைக்காரனான நான் வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இப்போது சொல்வதில்லை.

எங்கள் வேலை என்ன என்பது என் சொந்த மச்சானுக்கே இன்னும் விளங்கவில்லை. ஏதோ முத்திரை குத்துகிற ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். விஷயம் இதுதான். ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்து, ‘இது என்னுடையது, இன்ன காலம்வரை வேறு யாரும் செய்யக்கூடாது’ என்று காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போடுவார். அது நிஜமாகவே புதிதா, இல்லை ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய சரக்கா என்று துருவிப் பார்க்கிறவர்கள் நாங்கள். எனக்கு வந்து சேர்வது குழாய், பூட்டு, மடக்கு நாற்காலி. மேடத்துக்கு மருந்து. நான் தப்புப் பண்ணினால் எவனாவது நாற்காலியோடு சேர்ந்து மடங்குவான், அவ்வளவுதான். “நீங்க தப்புப் பண்ணினா...” என்று ஒரு நாள் விளையாட்டாக ஆரம்பித்தேன். “முடிக்காதீங்க சார், அப்புறம் எனக்குத் தூக்கம் வராது” என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

முகத்துக்கு நேரே அவர் மேடம். முதுகுக்குப் பின்னால் சல்லடை. எதைப் போட்டாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். “ஓட்டைன்னு வெக்காம சல்லடைன்னு வெச்சாங்களே, அதுவரைக்கும் மரியாதைதான்” என்பார். ‘புதுசா?’ என்ற கேள்வி அவர் நாக்கிலேயே குடியிருக்கிறது. கேன்டீனில் டம்ளர் மாற்றினார்கள். எல்லோரும் டீயைக் குடித்தோம். இவர் டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்து, “இது புதுசு இல்லையே, மேல்மாடியில இருந்ததை விளக்கிக் கொண்டுவந்திருக்காங்க” என்றார். நான் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு போன சட்டையைப் பார்த்து, “இதே கட்டம் முன்னாடியும் போட்டிருந்தீங்களே” என்றவர். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பயந்த சுபாவம். வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறி, ஆபீஸ் வந்து உட்கார்ந்த பிறகு பயம் பிடித்துக்கொள்ளும். நான் பூட்டுப் பரிசோதகன் ஆயிற்றே, என்னைத்தான் கேட்பார்.

“சார், பூட்டிட்டா இழுத்தா வராதுதானே?”

“வராது மேடம்.”

“இழுத்துப் பார்த்தேனான்னு ஞாபகம் இல்லையே.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வீட்டில் தம்பி இருக்கிறாரே, கூப்பிட்டுக் கேளுங்கள் என்பேன். அதைச் சொன்னதும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிடும். பூட்டை மறந்துவிட்டுத் தம்பியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்.

அந்த வீட்டில் இரண்டே பேர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா, மனைவி பிரிந்துபோன தம்பி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் லிஃப்ட் கிணற்றுக்குள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு தொங்கி வேலை பார்த்த ஆள். ஒரு நாள் அப்படித் தொங்கும்போதே நினைவு தப்பியது. பட்டை தாங்கியது. டாக்டர்கள் ஏதேதோ சோதித்துவிட்டு, இதயத் துடிப்பை நடத்துகிற இடத்தை அவருடைய உடம்பே எதிரி என்று நினைத்துத் தாக்குவதாகச் சொன்னார்கள். வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடிப்பதுபோல. துடிப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று தறிகெட்டு ஓடும், சட்டென்று தயங்கும். இருக்கிற மாத்திரைகள் கொஞ்சம் பிடித்து நிறுத்துகின்றன, அதற்கு மேல் இல்லை. வேலை போய்விட்டது. இப்போது வீட்டில் அக்கம்பக்கத்தாரின் மின்விசிறிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மத்தியானம் மேடம் நின்றுகொண்டே சாப்பிட்டபடி தம்பிக்கு ஃபோன் போடுவார். உடம்பு எப்படி என்று கேட்கவே மாட்டார். “என்ன பண்றே?” என்பார். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் தோள் கொஞ்சம் இறங்கும். ஒரு தடவை ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. “பேசறேன்ல? அப்புறம் என்ன, வெச்சிட்டு சாப்பிடு” என்றார் தம்பி.

இந்த நிலையில்தான் அந்த விண்ணப்பம் வந்தது. போட்டது ஒரு சின்ன மருந்துக் கம்பெனி. இதே நோய்க்கு ஓர் ஊசி. உடம்பின் தாக்குகிற படையை இதயத்தின் பக்கம் போகவிடாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஒரு போலிப் புரதம். அந்தப் புரதம் பழசு என்று மேடம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். புதிது என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஊசியைப் போடுகிற முறை. முதலில் மிகக் கொஞ்சமாகப் போட்டு, உடம்பைப் பழக்கி, பிறகுதான் முழு அளவு. விண்ணப்பமே அந்த ஒரு வரியில்தான் நின்றது. மேடம் உலகத்து மருத்துவப் பத்திரிகைகளை எல்லாம் சலித்தார். “எங்கேயும் இல்ல சார், சுத்தமா இருக்கு” என்றார். நல்ல செய்திதானே? ஆனால் ஆள் பேயறைந்த மாதிரி இருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார். தம்பிக்கு ஃபோனும் போடவில்லை. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா லிஃப்டில் ஏறமாட்டார். “தம்பி பார்த்த லிஃப்ட்னா ஏறுவேன், இது யார் பார்த்ததோ” என்பார். அதனால் எங்கள் முக்கியப் பேச்செல்லாம் மாடிப்படித் திருப்பத்தில்தான் நடக்கும். அங்கேதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அந்த டாக்டர் இதை முன்னாடியே வெளியில சொல்லிட்டார் சார்.”

“எந்த டாக்டர்?”

“கண்டுபிடிச்சவங்க பேர்ல முதல் பேர். தம்பியைப் பார்க்கிற டாக்டர்தான். பேரைப் பார்த்த உடனே ஃபைலை வேற ஆளுக்கு மாத்தச் சொல்லி இருக்கணும். பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.”

வேண்டியவர்கள் சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் கைமாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அது போகட்டும், எந்தப் பத்திரிகையில் சொன்னார் என்று கேட்டேன்.

“பத்திரிகை இல்ல. ஆஸ்பத்திரி கேன்டீன் பக்கத்துல ஒரு ஹால். நோயாளிங்களுக்கும் வீட்டாளுங்களுக்கும் ஒரு கூட்டம் வெச்சாரு. யார் வேணா வரலாம்னு வாசல்லயே எழுதிப் போட்டிருந்தாங்க. நானும் தம்பியும் போனோம்.”

“விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான். தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்.”

விண்ணப்பம் போடுவதற்கு முன் பொது இடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் புதுமை போச்சு. சொன்னவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் போச்சு. சில நாடுகளில் இதற்குக் கொஞ்சம் சலுகை உண்டாம், எங்கள் சட்டத்தில் இல்லை. டாக்டர்கள் எப்போதும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில், எதிரில் ஏக்கத்தோடு உட்கார்ந்திருக்கிற நோயாளியைப் பார்த்ததும் வாய் நிற்காது. பாவம், நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

“மேலோட்டமா ஏதாவது சொல்லியிருப்பார் மேடம். ஊசி போடுற முறையையுமா சொன்னார்?”

“அவரா சொல்லல. நான் கேட்டேன்.”

அவர் என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்துப் பேசினார். “இவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கான். எனக்குப் பயம். முதல் ஊசியிலேயே ஏதாவது ஆயிட்டா? நேரா முழு அளவும் போட்டா உடம்பு தாங்குமா டாக்டர்னு கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு. நல்ல கேள்வி, அதுக்குத்தான் முதல்ல கொஞ்சூண்டு, உடம்பு பழகினப்புறம் முழு அளவுன்னு போர்டுல படம் போட்டே காட்டினாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும்தான் ஆட்டினேன்.”

அதைப் பதிவு செய்தவர் யாரும் இல்லை. அச்சில் வரவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாம் பயந்துபோன ஜனங்கள், நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எத்தனை சலித்தாலும் இது வேறு எந்தப் பரிசோதகர் கையிலும் சிக்காது. சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் மேடமே சொன்னார். காப்புரிமை இல்லையென்றால் அந்தச் சின்னக் கம்பெனி அடுத்த கட்டச் சோதனைக்குக் கை வைக்காது, கடையைக் கட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே பேச்சு. அந்த அடுத்த கட்டச் சோதனையில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களில் தம்பியும் ஒருவர்.

நான் ஒரு வழி சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நான் ஒன்றும் மகான் இல்லை. “டாக்டர் எனக்கு வேண்டியவர், தம்பிக்கு வைத்தியம் பண்றவர்னு சொல்லி ஃபைலைக் கொடுத்துட்டு ஒதுங்கிடுங்க. விதிப்படி அது போதும். கூட்டத்தைப் பத்தி யாரு உங்களைக் கேட்டா?”

“யாரும் கேக்கலதான்” என்றார். பிறகு, “அந்த நர்ஸம்மா ஞாபகம் இருக்கா சார்?” என்றார்.

ஞாபகம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் உரசாமல் கட்டுகிற ஒரு கட்டுத்துணியைச் செய்திருந்தார். அருமையான சாமான். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு கண்காட்சியில் நாலு பேருக்கு ஆசையாகக் கட்டிக் காட்டிவிட்டார். மேடம் நிராகரித்தார். அந்த அம்மாள் எங்கள் ஆபீஸுக்கே வந்து, “நல்லதுக்குத்தானே காட்டினேன்” என்று அழுதுவிட்டுப் போனார். மேடம் அன்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், உத்தரவை மாற்றவில்லை.

“அந்தம்மாவுக்கு ஒண்ணு, என் தம்பிக்கு ஒண்ணா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கட்டுத்துணியும் உயிரும் ஒன்றா என்று கேட்டுவிட்டேன். கட்டைவிரல் செருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் வரும்போது கண் வீங்கியிருந்தது. என்ன சொன்னார் தம்பி என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்டேன்.

“கோவிச்சுக்கிட்டான். அன்னிக்கும் நீதான் வாயைத் திறந்தே, இன்னிக்காவது மூடிக்கிட்டு இரேன்னான். நியாயம்தானே சார்? படுக்கும்போது, என்னமோ பண்ணு, எங்கிட்ட கேக்காதேன்னான். காலையில அவன்தான் டீ போட்டுக் கொடுத்தான். நான் குடிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னான்.”

இதைச் சொல்லி முடித்துவிட்டு, “பெரியவர்கிட்டப் போறேன். கூட வர்றீங்களா?” என்றார். நானும் எழுந்து கூடப் போனேன்.

பெரியவர் என்று நாங்கள் சொல்வது பிரிவுத் தலைவரை. ஓய்வுபெறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர், வம்பு என்றால் காத தூரம் ஓடுவார். அறைக்குள் நாங்கள் மூன்று பேர்தான். டாக்டர் வேண்டியவர் என்று மேடம் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. “இவ்வளவுதானா? ஃபைலை மாத்திடலாம், நீங்க போங்க” என்றார். மேடம் போகவில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். யாரோ ஒருவர் கேட்டார், டாக்டர் பதில் சொன்னார் என்று சொல்லி நிறுத்திவிட்டார். அப்பாடா, கடைசி நேரத்தில் புத்தி வந்ததே என்று நான் மூச்சு விட்டேன்.

பெரியவருக்கும் அதே நிம்மதி என்று நினைக்கிறேன். மேஜை டிராயரை இழுத்து மூக்குக்கண்ணாடி உறையைத் தேட ஆரம்பித்தார். குனிந்தபடியே, “யாரோ கேட்டாங்க, அவர் ஏதோ சொன்னாருன்னு வெச்சுக்கிட்டு நாம ஒண்ணும் பண்ண முடியாது மேடம். கேட்டவங்க வந்து சொன்னா வேற விஷயம். கேட்டது யாருன்னு தெரியாதுல்ல? அப்போ விட்டுடுங்க” என்றார்.

மேடம் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்த வலது கையை விடுவித்தார். அதைத் தலைக்கு மேலே தூக்கினார். பெரியவர் இன்னும் டிராயருக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை மேடம் அதை இறக்கவில்லை.