பூட்ஸைக் கழற்றிய லென்ஸ்மன்

எங்கள் கடற்கரைக்கு லென்ஸ்மன், அதாவது ஊர்ப் போலீஸ் அதிகாரி, என்றால் ஓஸ்முன் ஒருவன்தான். குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுபவனைப் பிடிப்பது, துப்பாக்கிக்கு உரிமம் தருவது, பனியில் தொலைந்தவனைத் தேடுவது, இழவு சொல்லப் போவது, எல்லாம் அவன் தலையில்தான். போலீஸ் கல்லூரியில் சட்டத்திலும் ஓட்டத்திலும் நன்றாகத் தேறியவன். இழவு சொல்லவும் அங்கே பாடம் உண்டாம். மழுப்பக் கூடாது, 'செத்துவிட்டான்' என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறான்.

எங்கள் ஊர் அவனிடம் வேறொன்றைப் படித்து வைத்திருந்தது. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தால் அவன் ஓஸ்முன், காபி குடிப்பான். பூட்ஸோடு வந்து நின்றால் லென்ஸ்மன். அந்த வீட்டில் யாருக்கோ விலங்கு, இல்லையென்றால் சாவு.

அந்தப் பிப்ரவரியில், பக்கத்து வீட்டு போர்ஹில்டின் ஒரே மகன் சின்ட்ரே தனியாகப் படகெடுத்து மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. ஹெலிகாப்டர் வந்து தேடியது. நான் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்க முடியாமல் அவள் சமையலறைத் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஓஸ்முன் வந்தான். ஈரத் தரையைப் பார்த்ததும், முட்டாள், பூட்ஸைக் கழற்றிவிட்டான்.

"கெடச்சுட்டான், போர்ஹில்ட்" என்றான்.

அவள் அவன் காலுறைகளைத்தான் பார்த்தாள். துடைத்த துணி கையிலிருந்து விழுந்தது.

"துரித், பாருடி! கழட்டிட்டு வந்திருக்கான்! எந்த ஆஸ்பத்திரிடா? அங்க குடுக்குற சூப்பை அவன் வாயிலயே வைக்கமாட்டான். நீ உக்காரு, காபி ஊத்துறேன்."

அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவளோ மீன் சூப்பைச் சூடாக்கி பிளாஸ்கில் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் விழித்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"சொல்லித் தொலைடா" என்றேன்.

"சின்ட்ரே செத்துட்டான். கவுந்த படகுக்கு அடியில கெடந்தான்."

அவள் சிரித்தாள். "போடா! செத்திருந்தா நீ பூட்ஸோடல்ல வந்திருப்ப?"

மறுபடியும் சொன்னான். அவள் காதில் வாங்கவே இல்லை. மகனுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைக்கும்படி என்னை விரட்டினாள். நான் அசையவில்லை.

ஓஸ்முன் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான். படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். கயிறு கட்ட வெகுநேரம் பிடித்தது. பிறகு பனியும் சேறுமாக உள்ளே வந்து, அவள் துடைத்த தரையின் நடுவில் விறைப்பாக நின்றான்.

"உங்க மகன் சின்ட்ரே செத்துட்டாரு."

அதுவரை அவளை அவன் 'உங்க' என்று பேசியதே இல்லை.

போர்ஹில்ட் அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளாஸ்கை என்னிடம் நீட்டினாள்.

"இதக் கொட்டிடு, துரித்."