டம்ளர் இருந்த இடம்

சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருந்தது. எட்டு விசைத்தறிகளின் சத்தத்துக்குள்தான் நாங்கள் படித்தோம், தூங்கினோம், சண்டை போட்டுக்கொண்டோம். தாத்தா இறந்த அன்றைக்கு மட்டும் அவற்றை நிறுத்தியதாக எனக்கு நினைவு. அதனால், ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலை, கரண்ட் இருக்கும்போதே தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது நான் அம்மாவிடம் ஓடினேன்.

“யாரும்மா செத்துப்போனாங்க?” என்று கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். “பேசாம வா. பெரியப்பா கூப்பிடறாங்க.”

கூடத்தில் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா தூணோரம் தலைகுனிந்து நின்றிருந்தார். பெரியம்மா சமையலறை வாசலில். நடுவில், வேலைக்குக் கிளம்பிய சுடிதாரோடு, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்து, இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, விவாகரத்தும் வாங்கியிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எனக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று முந்தைய சனிக்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போனவளும் அவள்தான்.

“கண்ணு டாக்டரப் பாத்துப்போட்டு எங்க போனீங்க அம்மணி?” என்று என்னைக் கேட்டார் பெரியப்பா. குரல் மிக மென்மையாக இருந்தது. அவர் கோபமாக இருக்கும்போதுதான் அப்படிப் பேசுவார். “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திப்போடும்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏனென்றால் பொய் எப்போது சொல்ல வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் ஒரு புதன்கிழமை, தேங்காய் வாங்கப் போகிறேன் என்று என்னை உடுமலைப்பேட்டைக்கு அழைத்துப் போனார். ஒரு வீட்டில் இறங்கினோம். அங்கிருந்த பெண்மணி எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டார். என்னைவிடச் சின்னவனாக ஒரு பையன் பெரியப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிட்டான். திரும்பும் வழியில் பெரியப்பா எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்து, “தேங்கா குடோனுக்குப் போனோம்னு சொல்லோணும், என்ன?” என்றார். அப்படியே சொன்னேன். கெட்டிக்காரி என்று பெயர் கிடைத்தது.

அதே பழக்கத்தில்தான் சனிக்கிழமை பஸ்ஸில் அத்தையிடமும், “ஊட்டுல எங்க போனோம்னு சொல்லட்டும்?” என்று கேட்டிருந்தேன். அவள் சிரித்தாள். “போன எடத்தைச் சொல்லு கண்ணு.”

ஒளிக்கச் சொல்லாத ஒன்று எப்படித் தப்பாக இருக்க முடியும்? அத்தையைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

“உக்கடத்துல ஒரு ஊட்டுக்குப் போனமுங்க பெரியப்பா. மாடியில. அங்கிருந்து பாத்தா குளம் தெரியுமாமுங்க.”

“ஊட்டுல யாரு இருந்தா?”

“ஒரு மாமா.”

“ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

“எனக்குச் சரியாத் தெரியலைங்க.” அது உண்மை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோலக் கலங்கலாக இருந்தது. மாமாவின் முகமே எனக்கு நினைவில்லை. ஆனால் பெரியப்பா நம்பவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தார். தறி ஓடியிருந்தால் அந்தக் கிறீச் சத்தம் கேட்டிருக்காது. ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று பயத்தில் தேடினேன். யாருக்கும் கெடுதல் வராத ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

“டீ குடிச்சமுங்க. அத்தைதான் போட்டாங்க. டம்ளர், சக்கரை எல்லாம் எங்கிருக்குதுன்னு கேக்காமயே எடுத்தாங்க.”

பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடினார். நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை.

அப்பாதான் முதலில் பேசினார். “ஊருக்குள்ள பேச்சு வந்தப்பவே அந்தப் பையனப் பத்தி விசாரிச்சேனுங்ணா. நல்ல குடும்பந்தான். பேசி முடிச்சுப் போடலாமுங்க.”

பெரியப்பா அத்தை பக்கம் திரும்பினார். “கட்டிக்கறேன்னு சொல்றானா?”

“அவுரு கேட்டாருங்ணா” என்றாள் அத்தை. “நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்.”

“அப்புறம் எதுக்கு அங்க போறே?”

“எனக்குப் பிடிச்சிருக்குதுங்க. போறேன், இருக்கறேன், வாரேன். மறுபடியும் ஒருத்தர் ஊட்டுக்கு மருமகளாப் போக எனக்குத் தெம்பு இல்லைங்ணா.”

கல்யாணம் என்றதும் எனக்கு வந்திருந்த நிம்மதி போய்விட்டது. சாப்பாடு வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதுபோல அத்தையும் பிடிக்கிறாள், சரி என்று சொல்லிவிட்டால் எல்லாரும் கலைந்து போய்விடுவார்களே என்று தவித்தேன்.

“இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு?” என்று பெரியம்மா கத்தினாள். “நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பொம்பளைன்னா எல்லாத்தையும் முழுங்கிட்டு இருக்கறதில்லையா?”

அத்தை பெரியப்பாவைப் பார்த்தாள். “புதன்கெழமையானா நீங்க எங்க போறீங்கன்னு என்னைக்காச்சும் தறிய நிறுத்திக் கேட்டிருக்கறமாங்ணா?”

நாற்காலி பின்னால் விழுந்தது. பெரியப்பாவின் கை உயர்ந்தது. அப்பா குறுக்கே வந்து நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓங்கிய கை இறங்கவில்லை. “இந்த ஊட்டுல இனி உனக்கு எடமில்லை” என்றார் பெரியப்பா. அத்தை கைப்பையோடு புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

புழக்கடையில் கிணறு இருந்தது. பக்கத்து ஊரில் ஓர் அக்கா தப்புப் பண்ணினாள், கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டது அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. யாரும் அவள் பின்னால் போகவில்லை. நான் ஓடினேன்.

அத்தை கொடியில் காய்ந்த தன் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு, இப்படி மூச்சு வாங்குது?”

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். முதலில் ஒரு மகளிர் விடுதி, பிறகு தனி வீடு. அந்த மாமா வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அத்தை யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அவள் பெயர் இருக்காது, பெரியப்பாவின் பெயர் முதலில் இருக்கும். வளர்ந்தபின் ஒருநாள் அவளைத் தேடிப்போய், டம்ளரைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதேன். “இருந்ததைத்தானே சொன்னே” என்று தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

ஆனால் அந்தக் காலையில் கொடியடியில் நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. நான் அத்தையைக் கட்டிக்கொண்டு நிற்கையில் பெரியம்மா வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அத்தையின் துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்தேன். பெரியம்மா கொடியிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். முனைகள் சேர்ந்து கைகள் அருகே வந்தபோது பெரியம்மா மெல்லக் கேட்டாள்.

“உனக்குப் பயமா இல்லையா?”

“இருக்குதுங்க அண்ணி.”

“அப்புறம் எப்படி?”

அத்தை மடித்த போர்வையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பெரியம்மா அங்கேயே நின்றிருந்தாள். இன்னும் திட்டத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவள் தனக்கும் ஒரு வழி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.