றசலையன் ஜீப்புக்கு எஞ்சின் மாற்றிய கதை

றசலையனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய ஜீப்பில் தொடங்குவதுதான் நல்லது. மனிதரில் தொடங்கினால் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். ஐம்பத்தாறு வயது, குலசேகரம் பக்கம் வீடு, நேசபாய் என்று ஒரு மனைவி, ஞாயிறு தவறாத ஆராதனை, அவ்வளவுதான். ஜீப்பு அப்படியல்ல. அவருக்கு மீசை முளைப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி அது. அதைத் தகரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, முழு இரும்பு. தட்டிப் பார்த்தால் நம் கைதான் வலிக்கும்.

குலசேகரத்திலிருந்து மலை ஏறினால் வட்டமலை. ஊர் என்று பெயரே தவிர, ரப்பர் மரங்களுக்கு நடுவே இங்கொரு வீடு, அங்கொரு வீடு. பஸ் கிடையாது. பாதி தூரத்துக்கு ரோடும் கிடையாது, கல்லும் சேறும்தான். முப்பது வருடமாக அந்த மலைக்குப் பஸ், லாரி, கல்யாண வண்டி, ஆஸ்பத்திரி வண்டி எல்லாமே றசலையனின் ஜீப்புதான். காலையில் அரிசியும் கேஸ் சிலிண்டருமாக மேலே போகும். திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பெண்கள் நிற்பார்கள். அவர்களையும், அவர்களுடைய ரப்பர் ஷீட்டுக் கட்டுகளையும், மரத்தில் ஒட்டி உறைந்து நாற்றம் குடலைப் பிடுங்கும் ஒட்டுப்பால் சாக்குகளையும் அள்ளிக்கொண்டு சந்தைக்கு வந்து சேரும்.

வண்டியின் உடம்புக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுதான் விட்டுப்போனது. ஜீப்பு ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிறதா, ஆட்கள் ஜீப்பைக் கூட்டிப்போகிறார்களா என்று சந்தேகப்படும் நிலைமை வந்துவிட்டது. செங்குத்தான ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்குவார்கள். ஒருவர் தள்ளுவார், ஒருவர் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார், கறுப்புப் புகைக்குள் முகம் தெரியாமல் நிற்கும் இன்னொருவர் றசலையனின் பரம்பரையையே வாழ்த்துவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மஸ்கட்டிலிருந்து சிஜின் என்றொரு இளைஞன் வந்து இறங்கினான். வந்த கையோடு புது வண்டி ஒன்றை வாங்கி அதே மலைக்கு விட்டான். மெத்தை சீட்டு, பாட்டு, ஏ.சி. எல்லாம் உண்டு.

"இத இரும்பு வெலைக்குக் குடுத்துப்போட்டு வீட்டுல இரியுங்க. பிள்ளைய ரெண்டும் சம்பாதிக்குதுவளே, நமக்கு இனி என்ன கொறச்சல்?" என்றாள் நேசபாய்.

சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை என்பது றசலையனுக்கும் தெரியும். அவருடைய பயம் வேறு. வட்டமலைக்காரர்களில் பாதிப்பேர், பிறப்பதற்காக மலை இறங்கியதே அவருடைய வண்டியில்தான். அந்த மலை இனித் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்பதுதான் அது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால், "எஞ்சின மாத்தினா செரியாவும்" என்று மட்டும் சொன்னார்.

குழித்துறையில் அனில்குமார் என்றொரு மெக்கானிக் உண்டு. பின்பக்கம் இடிபட்டு நொறுங்கிய ஒரு காரின் டீசல் எஞ்சின் அவனிடம் கிடந்தது. புது ரகம்; கம்ப்யூட்டர் பெட்டி உத்தரவு கொடுத்தால்தான் டீசலே குடிக்கும். றசலையன் ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாக அனுமதி வாங்கி, ஜீப்பைக் கொண்டுபோய் அனிலிடம் விட்டார். விட்டுவிட்டு வந்தாரா என்றால் இல்லை, தானும் ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சினும் ஜீப்பும் கல்யாண வீட்டுச் சம்பந்திமார் போல முறைத்துக்கொண்டு நின்றன. எஞ்சினின் முகம் கியர்பாக்ஸின் முகத்தோடு சேரவில்லை. இடையில் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைக் கடைந்து போட்டான் அனில். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி முன் ஆக்சிலில் முட்டியது. எஞ்சினை உயர்த்தினான். உயர்த்தியதும் பானெட் மூடவில்லை.

"அண்ணே, பானெட்ட கொஞ்சம் வெட்டட்டா?"

தன் மூக்கை வெட்டக் கேட்டதுபோல றசலையன் அவனைப் பார்த்தார். கடைசியில் எஞ்சினைப் பழையபடி இறக்கி, எண்ணெய்த் தொட்டியை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் கம்மென்று இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைச் சரிசெய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரரைப் போனில் பிடித்தார்கள். அனிலின் கை முழுக்கக் கிரீஸ் என்பதால் பேசியது றசலையன்.

"கடைசியா வண்டிக்கு என்னங்க பண்ணுனீங்க?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"வெள்ளம் கேத்தினேன்."

"வெள்ளமா?"

"ஓ, வெள்ளந்தான். கழுத்து வர வெள்ளமாக்கும்."

"வெள்ளத்துல முங்குன பெட்டிக்கு நாங்க பொறுப்பில்லீங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்றும், கழுத்து வரை நிறைந்தது ரேடியேட்டர் மட்டும்தான் என்றும் அனில் திரும்பக் கூப்பிட்டு விளக்கி முடிப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. எர்த் வயரை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டார் கோயம்புத்தூர்க்காரர். போய்ப் பார்த்தால், றசலையன் ஆசை ஆசையாக அடித்த புது பெயின்டுக்கு மேலே மாட்டியிருந்தது; பெயின்டு கரண்டை விடவில்லை. பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டியதும் எஞ்சினுக்கு உயிர் வந்தது. அது ஓடுவது தெரியாமல் றசலையன் மறுபடியும் சாவியைத் திருப்பப் போக, அனில் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பிடி அண்ணே?"

"கொள்ளாம்" என்றார் றசலையன். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்; அவருக்கு அதுவே பெரிய பிரசங்கம்.

இதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. வட்டமலைக்காரர்கள் சந்தையில் சிஜினின் வண்டியிலிருந்து இறங்குவதை அவர் பலமுறை பார்த்தார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நடந்தா வருவார்கள்? ஆனாலும் பார்த்த அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை தன் வண்டி வரும் என்று மலைமேல் இருக்கும் கடைக்காரரிடம் போனில் சொல்லிவிட்டு, ஞாயிறு ஆராதனையில் வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் பண்ணினார்.

திங்கள் காலை ஜீப்பு மலை ஏறியது. எந்த ஏற்றத்திலும் நிற்கவில்லை, திணறவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டே போய்க் கடையில் சரக்கை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். முதல் வளைவில் ஆளில்லை. சரி, யாருக்காவது உடம்புக்கு முடியாமலிருக்கும். இரண்டாவது வளைவிலும் ஆளில்லை. மூன்றாவதில் ஒரு நாய் மட்டும் நின்றது. வீடுகளில் அடுப்புப் புகை தெரிந்தது, ரோட்டில் ஒரு தலை தெரியவில்லை. சிஜின் முந்திக்கொண்டுவிட்டான், மலை அவன் பக்கம் போய்விட்டது என்று றசலையனுக்குப் புரிந்துபோயிற்று. இன்றைக்கே நேசபாயிடம் சொல்லி வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். ரோட்டோர ஊற்றில் நிறுத்தி, யாரும் பார்ப்பதற்கு முன்னால் முகம் கழுவ இறங்கினார்.

அப்போது குடத்தோடு வந்தார் சொர்ணம்மாள். ஊற்றுக்கு மேலேதான் அவருடைய வீடு. றசலையனுக்குப் பத்து வயது மூத்தவர்.

"ஏலே றசலையா! நீ எப்பம் வந்த?"

"மேல போய்ட்டு இறங்குகேன் அக்கா."

"வெளையாடாத. எனக்க முற்றத்தத் தாண்டாம நீ எப்பிடி மேல போவ?"

"தாண்டித்தான் போனேன். நிங்க எல்லாரும் சிஜினுக்க வண்டியில போயிருப்பியன்னு…"

"அவன் காலையில ஹாரன் அடிச்சான், நாங்க யாரும் கேறல்ல. நீ வருவேன்னுட்டு எல்லாவளும் ஷீட்டுக் கட்டையும் சாக்கையும் எடுத்து வச்சு, அடுப்பையும் அணைக்காம, காதத் தீட்டிட்டு இருக்கோம். நீ என்னடான்னா கள்ளன மாதிரி கேறிப் போயிருக்க!"

காது! பழைய எஞ்சின் அடிவாரத்தில் இருமத் தொடங்கினால் உச்சிவரை கேட்கும். அதைக் கேட்டு அடுப்பை அணைப்பார்கள், அது திரும்பி இறங்குவதற்குள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள். அந்தக் கர்ஜனைக்கு முன்னால் ஹாரன் எதற்கு என்று றசலையன் ஹாரனே வைத்துக்கொண்டதில்லை. புது எஞ்சின் போனதை ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்த்திருக்காது. றசலையனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏட்டி ஷைஜா! வண்டி வந்தாச்சுட்டீ!" என்று சொர்ணம்மாள் மேல்வீட்டைப் பார்த்துக் கூவினார். அந்தக் கூவல் வீடு வீடாகத் தாவி மேலே போனது. கட்டுகளைச் சுமந்து யாரும் நடக்க வேண்டாம் என்று றசலையன் ஜீப்பை ஏற்றத்தில் பின்னோக்கியே ஏற்றி, விட்டுப்போன மூன்று வளைவுக்கும் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். பழைய எஞ்சின் இதைக் கேள்விப்பட்டிருந்தாலே நின்றுபோயிருக்கும்.

வண்டி இறங்கத் தொடங்கியது, பின்னால் பேச்சும் தொடங்கியது. முப்பது வருட இரைச்சலில் வட்டமலைப் பெண்களுக்கு ஜீப்பில் கத்திப் பேசித்தான் பழக்கம். டிரைவர் காதில் எதுவும் விழாது என்பதால் அவரையும் சேர்த்து அலசிப் பழக்கம். எஞ்சின் மாறினாலும் தொண்டை மாறவில்லை.

"என்னதான் சொல்லு அக்கா, சிஜினுக்க வண்டியில சீட்டு நல்ல மெத்தையாக்கும்!" என்று கத்தினாள் ஷைஜா.

"மெத்த கெடந்து என்னத்துக்கு? ஒட்டுப்பால் சாக்கக் கண்டா அவன் மூக்கப் பொத்துகான். இவன் ஒருநாள் மொகம் சுளிச்சிருக்கானா?" சொர்ணம்மாளின் குரல் அதைவிடப் பெரியது.

"ஆனா அண்ணனுக்குச் சிரிக்கத் தெரியாது!"

"தெரியாண்டாம். எனக்க வீட்டுக்காரரு நெஞ்சு வலின்னு விழுந்தாருல்லா, அந்த மழையில இவன் வரல்லேன்னா அவரு இன்னைக்கு இல்ல. எனக்கச் சொந்தத் தம்பி செய்ய மாட்டான் அத. இன்னைக்கு வர நான் அவனுக்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல."

"சொல்லுகதுதானே!"

"மூஞ்சியப் பாத்து எப்பிடிட்டீ சொல்ல? வெக்கமாக்கும்!"

றசலையன் பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்தி, வண்டியை ஊர விட்டார். சந்தைக்கு இன்றைக்குத் தாமதமானால் ஆகட்டும்.

திடீரென்று ஷைஜா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா… வண்டிக்குச் சத்தமே இல்லியே. நாம பறயுகது அண்ணனுக்குக் கேக்குமே!"

சொர்ணம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். றசலையன் திரும்பவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல்ல" என்றார். "நிங்க பறயுங்க."