முதல் வரிசை அம்மாளின் சனிக்கிழமை

தொண்ணூறுகளில் தாம்பரத்துக் கல்லூரி மண்டபம் ஒன்றில், ஒரு யூத வரலாற்று அருங்காட்சியகத்தார் சில ஞாயிறு மாலைகளில் கண்காட்சியும் பாட்டும் பேச்சும் நடத்தினார்கள். ஒன்றுவிடாமல் வந்துவிடுவார் ஓர் அம்மாள். பெரிய மூக்குத்தி, முதல் வரிசை நாற்காலி, மடியில் குரோஷா நூல். பேச்சு முடியும்வரை தலை நிமிராமல் பின்னுவார். கேள்வி நேரத்தில் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு அவர் எழுந்தால், பேச்சாளர்கள் தண்ணீர் டம்ளரைத் தேடுவார்கள்.

ஒரு ஞாயிறு, கொச்சியிலிருந்து வந்த, தமிழ் தெரிந்த யூதப் பெண்மணி, சனிக்கிழமை தங்கள் ஓய்வு நாள், அன்று அடுப்பு பற்றவைக்க மாட்டோம் என்று விளக்கினார். ஊசி கொண்டைக்கு ஏறியது.

“அன்னிக்கு பொம்பளைங்களுக்கும் லீவுதானே?”

“ஆமாம்மா. வெள்ளிக்கிழமையே சமைச்சு வெச்சிடுவோம்.”

அம்மாள் பக்கத்திலிருந்த கணவரிடம் திரும்பினார். “நல்லா கேட்டுக்கிட்டீங்களா?”

கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை சிட்லபாக்கத்தில் ஓர் ஓட்டல் வாசலில் டிபன் கேரியரோடு நின்றவரைப் பார்த்தேன். அம்மாள் பக்கத்துக் கடையில் நூல் வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமையே சமைச்சு வெச்சிடணும்னு சொன்னாங்களே?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை எனக்கு விரதம் சார். அடுப்படிப் பக்கமே போக மாட்டேன்.”

இரண்டு மதங்கள் இத்தனை ஒற்றுமையாக ஒரு வீட்டு அடுப்பை அணைத்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.